அய்-லா-சபேல் என்பது எந்த ஊர்?

முதல் கர்நாடகப் போர் அய்-லா-சபேல் உடன்படிக்கையோடு முடிந்தது, ஆண்டு 1748. பள்ளியில் இதை மனப்பாடம் செய்யாதவர் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் பிடித்த சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பப் போனதும், பதிலுக்கு இன்றைய கனடாவில் இருக்கும் லூயிபூர் கோட்டை பிரான்சுக்குப் போனதும் இந்த ஒப்பந்தத்தால்தான். சரி, ஊர் எங்கே என்று பிரான்சு வரைபடத்தைத் துழாவினால் கிடைக்காது. அது ஜெர்மனியில், பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைகளை ஒட்டி இருக்கும் ஆகன் நகரம்.

பிரெஞ்சில் இதை ‘எக்ஸ்-லா-ஷபெல்’ என்பார்கள். லத்தீனில் அக்வா என்றால் நீர். அது வேற்றுமை உருபேற்று ‘அக்விஸ்’ ஆகி, வாயில் தேய்ந்து தேய்ந்து எக்ஸ் ஆனது. ரோமானியர்கள் வெந்நீர் ஊற்று கண்ட இடத்துக்கெல்லாம் இப்படித்தான் பெயர் வைத்தார்கள், அதனால் பிரான்சிலேயே எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ், எக்ஸ்-லே-பேன் என்று வேறு எக்ஸ்களும் உண்டு. ஆகன் பக்கத்து ஊற்றுகளில் சில 70 பாகைக்கும் மேல் சுடும், பெயர் பொருத்தம்தான். ஜெர்மன் பெயரான ஆகனும் நீரைக் குறித்த பழைய சொல்லிலிருந்தே வருகிறது.

லா ஷபெல் என்பது மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட மன்னர் சார்லமேன் 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் அரண்மனையோடு சேர்த்து எழுப்பிய எண்கோணச் சிற்றாலயம். 814-இல் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். ஷபெல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்குக் குட்டி மேலங்கி என்று பொருள்! புனித மார்ட்டினின் அங்கியை வைத்துப் போற்றிய இடத்துக்கு முதலில் அந்தப் பெயர் வந்தது, அப்புறம் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பரவிவிட்டது.

ஜெர்மன் ஊருக்கு நம் பாடநூலில் பிரெஞ்சுப் பெயர் ஏன்? அந்தக் காலத்தில் ஐரோப்பிய அரசுகள் பேரம் பேசிய மொழி பிரெஞ்சு. ஆங்கிலேயரும் அந்தப் பெயரையே எழுதினார்கள், நாம் அவர்களைப் பார்த்து எழுதினோம். போகிற போக்கில் ‘எக்ஸ்’ஸை ‘அய்’ ஆக்கியதுதான் கொடுமை, ஏனென்றால் பிரெஞ்சில் அந்தக் கடைசி எழுத்து நன்றாகவே ஒலிக்கும்.

தமிழில் ‘ஆகன் உடன்படிக்கை’ போதும். இடையில் வரும் நம் ககரம் ஜெர்மன் ஒலிக்கு நெருக்கமானது, Aachen என்ற எழுத்தைப் பார்த்து ‘ஆச்சென்’ என்று எழுத வேண்டாம். ஆண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதே ஊரில் 1668-இலும் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கிறது.