தேய்மானம், எலும்பரிப்பு, எலும்புப்புரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூட்டு வலி என்று யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "எலும்பு தேய்ஞ்சு போச்சு." பால்மரம் வெட்டி, காண்டாவில், அதாவது தோள்கம்பில், வாளி சுமந்த தலைமுறைக்கு அது பொருத்தமாகவே படுகிறது. உழைத்த உடம்பு தேயத்தானே செய்யும்! முதுமையில் முழங்கால் குருத்தெலும்பு மெலிவதற்கு அந்தச் சொல் ஏறக்குறையச் சரி. உடம்பின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதத்துக்கும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) அதையே சொல்வதுதான் கோளாறு. தேய்மானம் என்று கேட்டவருக்குத் தைலமும் ஓய்வும்தான் நினைவுக்கு வரும். அழற்சியை அடக்க மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வேண்டும் என்று தோன்றாது.

முடக்குவாதத்தில் எலும்பு உராய்ந்து குறைவதில்லை, கரைக்கப்படுகிறது. அதற்கென்றே உடம்பில் இருக்கும் செல் ஆஸ்டியோகிளாஸ்ட். கிரேக்கத்தில் ஆஸ்டியோன் எலும்பு, கிளாஸ்டோஸ் உடைந்தது. தமிழில் எலும்பழிப்புச் செல் எனலாம். கட்டுகிற செல் ஆஸ்டியோபிளாஸ்ட். பிளாஸ்டோஸ் என்றால் முளை. இது எலும்பாக்கச் செல். ஒன்று கரைக்க, மற்றது கட்ட, வளர்ந்தவரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. இதுதான் போன் டர்னோவர். 'எலும்பு வளர்சிதை மாற்றம்' என்று சிலர் எழுதுகிறார்கள்; அது மெட்டபாலிசத்துக்கு உரிய சொல், ரொம்ப அகலம். என் தேர்வு 'எலும்புப் புதுக்கம்'. வீட்டைப் புதுக்குகிறவரும் பழைய சுவரை இடித்துவிட்டுத்தானே கட்டுகிறார்.

இடிப்பு சில வாரங்களில் முடியும், கட்ட மாதக்கணக்காகும். வீங்கிய மூட்டுச் சவ்விலிருந்து வரும் டிஎன்எஃப், இன்டர்லியூக்கின் 6 போன்ற புரதங்கள், ரேங்க்-எல் என்ற தூண்டியைக் கூட்டி, கரைக்கும் செல்களைப் பெருக்குகின்றன. அதனால் மூட்டோரத்தில் எலும்பு குழிபட்டால் அது எலும்பரிப்பு. உடம்பு முழுக்க எலும்பு நொய்ந்துபோனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. போரோஸ் என்றால் துளை, வழி. புரை என்றால் உள்துளை. புண் 'புரையோடிவிட்டது' என்கிறோமே, அதே புரை. குறளின் 'புரைதீர்ந்த நன்மை'யில் அதற்குக் குற்றம் என்று பொருள். மலாய்க்காரர்கள் 'துலாங் ராப்புஹ்' என்கிறார்கள், நொறுங்கும் எலும்பு. அவர்கள் விளைவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கிரேக்கமும் தமிழும் துளையைப் பார்த்து வைத்தன.

அப்புறம், ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் சிடிஎக்ஸ், பி1என்பி. எலும்பின் முக்கியப் புரதம் கொல்லாஜன்; எலும்பு கரையும்போது சிதறும் அதன் துணுக்கு முன்னது. புதுக் கொல்லாஜன் உருவாகும்போது வெட்டுப்பட்டு உதிர்வது பின்னது. இவை எலும்புப் புதுக்கக் குறிகாட்டிகள். சிடிஎக்ஸுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டுப் போனால் எண் குறைத்துக் காட்டும். வலிக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் பி1என்பியை இறக்கிவிடும்: கட்டும் வேலை மந்தமாகிவிட்டது என்று அர்த்தம். இந்த எண்களை வைத்து எலும்புப்புரை என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான். அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்ணான டி மதிப்பு -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை.

ஸ்கேனும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸில் வெளிப்புறம் புது எலும்பு வளரும், உள்ளே புரை விழும். முதுகை மட்டும் ஸ்கேன் எடுத்தால், வெளியே வளர்ந்த எலும்பும் கணக்கில் சேர்ந்து, அடர்த்தி நன்றாக இருப்பதுபோல் தெரியும். அதனால் இடுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.