பலகுரல் பேசும் அச்சுப்பொறி

ஜவுளிக்கடை விளம்பர மடலில் அரக்கு நிறப் பட்டுச்சேலை. இருபதாயிரம் பிரதி ஓடி முடிந்தபின் "சேலை காவியாகத் தெரிகிறதே" என்று கடைக்காரர் முகம் சுளித்தால் தாளும் மையும் போனது போனதுதான். ஆஃப்செட்டில், அதாவது தகடு வைத்து ஆயிரக்கணக்கில் ஓட்டும் பெரிய அச்சு இயந்திரத்தில், என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே ஒற்றைத் தாளில் காட்டுவது கலர் புரூஃப். இன்று அந்த வேலை பெரும்பாலும் அகலமான இங்க்ஜெட் அச்சுப்பொறிகளுடையது.

நல்ல இங்க்ஜெட்டில் பத்துப் பன்னிரண்டு மைகள் இருக்கும்; நான்கு மை ஆஃப்செட்டைவிட அதன் நிறங்கள் செழிப்பானவை. ஆனால் புரூஃப் எடுக்கும்போது, சொந்தக் குரலை ஒதுக்கிவிட்டு இன்னொருவர் குரலில் பேசும் பலகுரல் கலைஞரைப் போல அது நடந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முதலில் இயந்திரத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மை தெளிக்கும் நுண்துளைகளான நாசில்கள் அடைக்காமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு இந்தத் தாள் எவ்வளவு மை தாங்கும் என்று எல்லை கட்டுவார்கள். மீறினால் மை தேங்கி ஓரங்கள் கசியும். அடுத்து, ஒவ்வொரு மையும் வெளிறிய சாயலிலிருந்து முழு அழுத்தம்வரை சீராக ஏறுகிறதா என்று அளந்து திருத்துவார்கள். இதுதான் காலிபரேஷன். தராசின் முள்ளை நடுவில் நிறுத்துவது போன்ற காரியம்.

முள் நின்றபின்தான் புரொஃபைல், அதாவது இந்த இயந்திரமும் தாளும் எந்த நிறத்தை எப்படித் தருகின்றன என்ற குறிப்பு. 1,617 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டவணையை அச்சிட்டு, நன்றாக உலரவிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறம் அளக்கும் கருவியால் ஒவ்வொரு கட்டத்தையும் அளப்பார்கள். நிறம் இப்போது எண்ணாகிவிடும். ஜெர்மனியின் ஃபோக்ரா ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆஃப்செட்டுக்கான ஃபோக்ரா39 தரவில், நான்கு மைகளில் ஒன்றான பச்சை கலந்த நீல மை சயானின் முழு அழுத்தத்துக்கு வெளிச்ச அளவு 55. பச்சை–சிவப்பு அளவுகோலில் −37, நீலம்–மஞ்சள் அளவுகோலில் −50. இந்த எண்ணைத் தொட எந்த மையை எவ்வளவு தெளிக்கலாம் என்று, பக்கத்தை மைப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள் கணக்கிடும். அதனால் புரூஃபில் உள்ள 'சுத்தமான' சயானைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேறு மைப் புள்ளிகளும் ஊடே தெரியலாம். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த காட்சி அது.

இயந்திரம் தரும் நிறம் நாளடைவில் விலகிவிட்டால் புரொஃபைல் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு புரூஃபின் ஓரத்திலும் 72 கட்டங்கள் கொண்ட சோதனைப் பட்டை அச்சாகும். புரூஃபுக்கான ஐ.எஸ்.ஓ. 12647-7 தரத்தின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இலக்கு எண்களிலிருந்து அக்கட்டங்களின் சராசரி நிற வேறுபாடு, அதாவது டெல்டா ஈ, 2.5ஐத் தாண்டக்கூடாது.

தாளும் ஏமாற்றும். பளீரென்ற தாள்களில் சலவைத்தூளில் கலப்பதைப் போன்ற வெண்மையூட்டி இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். ஜன்னலோரம் வெள்ளை வெளேரென்று இருக்கும் தாள், புற ஊதாக் கதிர் இல்லாத எல்இடி விளக்கில் சற்றே மஞ்சளாகிவிடும். புரூஃபையும் அச்சுத்தாளையும் 5,000 கெல்வின் தர விளக்கின் கீழ் அருகருகே வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

வாங்கப் போகிறவர்கள் அகலத்தை முதலில் முடிவு செய்யலாம்: 20×30 அங்குலத் தாளுக்கு 24 அங்குல இயந்திரம் போதும், 28×40க்கு 44 வேண்டும். மை இரண்டு வகை: கரைந்த சாயம் கொண்டது சாய மை, நுண்துகள்கள் கொண்டது நிறமி மை. சாய மையின் நிறம் அச்சிட்ட பிறகும் நெடுநேரம் மாறிக்கொண்டிருக்கும். நிறமி மை சீக்கிரம் நிலைக்கும், ஆகவே அதையே எடுங்கள். எத்தனை மை என்று எண்ணுவதைவிட, நேற்று அடித்ததையே இன்றும் அடிக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். விற்பவரிடம் ஒரே பட்டையை இன்று ஒன்றும் அடுத்த வாரம் ஒன்றும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.