நிலைப்படியில் நிற்கும் குழந்தைக்குள் என்ன நடக்கிறது?

"பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டிப் போனால் என் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள், உள்ளே வரமாட்டேன் என்கிறாள். பயமா, திருஷ்டியா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். திருஷ்டி இல்லை. பயம் என்பதும் பாதிதான் சரி.

புது முகங்களைக் கண்டதும் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்ளும், அட்ரினலின் சுரக்கும். பள்ளியில் படித்ததுதான். அப்படியானால் இதயம் படபடக்க வேண்டுமே? ஆபத்தா இல்லையா என்று உறைந்து நின்று கவனிக்கும் அந்தச் சில நொடிகளில் துடிப்பு குறைகிறது!

எந்த நரம்பும் தலையிடாவிட்டால் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது எழுபது சொச்சத்தில் இருப்பது வேகஸ் நரம்பின் தயவு. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் இந்த நரம்புதான் பிரேக். இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகள் (sympathetic nerves) ஆக்ஸிலேட்டர். உறைந்து நிற்கையில் அமிக்டலா, நடுமூளை வழியாக இரண்டையும் சேர்த்தே மிதிக்கிறது. ஆக்ஸிலேட்டர் வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். பிரேக்கோ அடுத்த துடிப்பிலேயே பிடிக்கும், அதே வேகத்தில் விடும். ஆகவே ஓட வேண்டி வந்தால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி பாயும். வெளியே அசைவில்லை, உள்ளே முழுத் தயார்நிலை. எனக்கு இதில் அலுப்பதே இல்லை.

நெதர்லாந்தில் உளவியலாளர் காரின் ரூலோஃப்ஸ் குழுவினர் 2010இல் ஆட்களை உடல் அசைவை அளக்கும் ஒரு மேடையில் நிற்கவைத்துக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டினார்கள். உடலின் இயல்பான ஆட்டம் குறைந்தது, இதயமும் நிதானித்தது. வாசலில் நிற்கும் குழந்தையிடம் இருப்பது இதன் மென்மையான வடிவம் என்பது என் கணிப்பு.

எல்லாக் குழந்தைகளும் இப்படி நிற்பதில்லையே? ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகள், ஒலிகள், வாசனைகளைக் காட்டினார். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கைகாலை உதறி அழுதது. அவர்களில் பலர் பின்னாளில் தயங்கி நிற்பவர்களானார்கள், எல்லோரும் அல்ல. இயல்பிலேயே தயங்கும் குழந்தைகளின் இதயம் பொதுவாகச் சற்று வேகமாக, ஏற்ற இறக்கம் குறைவாகத் துடிப்பதையும் அவர் கண்டார். அதாவது ஆக்ஸிலேட்டர் மேல் கால் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கிறது. இரண்டு வயதில் தயங்கியவர்களை இருபது வயதைத் தாண்டியபின் ஸ்கேனில் படுக்கவைத்தபோதும், புது முகங்களுக்கு அமிக்டலா கூடுதலாகவே துடித்தெழுந்தது. 2003இல் வெளிவந்த முடிவு இது.

எனவே அந்த அம்மாவுக்கு என் பதில்: பிடித்துத் தள்ளாதீர்கள், பார்த்து முடிக்கட்டும். மந்திரித்த கயிறு கட்டினாலும் சற்று நேரத்தில் அவளே உள்ளே போய்விடுவாள், பெயர் என்னவோ கயிற்றுக்குத்தான் போகும். அப்புறம், ஒரே குழந்தைகளை இருபது வருடம் விடாமல் பின்தொடர்வதற்கு மூன்று வருட ஆய்வுத் திட்ட நிதி எந்த மூலைக்குக் காணும்? நம் ஊர்க் குழந்தைகளைப் பற்றி இதுபோல் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் கணக்கை முதலில் மாற்ற வேண்டும்.