தை பிறந்ததும் புற்றரைக்கு மண் போடுவோர் கவனத்துக்கு

மாரி ஓய்ந்து பொங்கலும் முடிந்த கையோடு திருகோணமலையில் பலர் வீட்டுப் புற்றரையைக் கவனிக்கத் தொடங்குவார்கள். வெள்ளம் அரித்த பள்ளம், கார் ஏறி இறங்கிய தடம், மஞ்சள் பத்திப்போன திட்டு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். உடனே பக்கத்தில் யாராவது ஒருவர், "ஒரு லோட் மண் அடிச்சு விடுங்கோ, எல்லாம் சரியாகும்" என்பார். மண் வந்து இறங்கும். இரண்டு பேர் மண்வெட்டியால் இழுத்துப் பரப்பிவிட்டுப் போவார்கள். மாசி முடிவதற்குள் புல் இருந்த இடத்தில் கோரை நிற்கும்.

புற்றரை அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். உவர்மலை முதல் நிலாவெளி வரை நான் பார்க்கப்போகும் கெட்ட புற்றரைகளில் கணிசமானவை நன்றாகக் கவனிக்கப்பட்டவைதான். வீட்டுக்காரர் அக்கறையோடு காசு கொடுத்து வாங்கிப் போட்ட மண்ணே அவற்றைக் கெடுத்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண் தூவுவது நல்ல வேலை என்பதில் சந்தேகமே வேண்டாம். அறுகு போன்ற படரும் புல், தண்டின் கணுவுக்குக் கணு வேர் விடும். அந்தக் கணுக்களைச் சுற்றி மெல்லிய மண் விழுந்தால் புது வேர் இறங்கி, புல் நெருக்கமாகும். சின்னச் சின்னப் பள்ளங்கள் மெல்ல மெல்ல நிரவும். புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சேர்ந்திருக்கும் காய்ந்த தண்டுப் படை, மண் கலந்ததும் சீக்கிரம் உக்கும். மணல் நிலமாக இருந்தால், கூட்டெருவோடு சேர்த்துத் தூவும்போது ஈரம் பிடிக்கும் தன்மையும் வருடா வருடம் கூடும். இவ்வளவும் நடப்பதற்கு ஒரு தடவைக்கு வேண்டிய தடிப்பு 5 மில்லிமீற்றர் மட்டுமே.

கணக்கைப் பாருங்கள். நாலு பேர்ச் புற்றரை என்று வையுங்கள். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர், ஆக மொத்தம் 100. 5 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 5 லீற்றர் மண் போதும். முழுவதற்கும் 500 லீற்றர், அதாவது அரைக் கன மீற்றர். உரப்பையில் கட்டினால் பத்துப் பன்னிரண்டு பை. ஆனால் மண் விற்பது கியூப் கணக்கில். ஒரு கியூப் 100 கன அடி, ஏறத்தாழ 2.8 கன மீற்றர். வந்து இறங்கிய மண்ணை வீணாக்க மனம் வராமல் அத்தனையையும் நாலு பேர்ச்சுக்குள் பரப்பினால் தடிப்பு 28 மில்லிமீற்றர், ஓர் அங்குலத்துக்கும் மேல். தாழ வெட்டிய புல் அதற்குள் முழுதாகப் புதைந்துவிடும். வெளிச்சம் படாத இலை மஞ்சளாகி அழுகும். கோரைக்குக் கீழே கிழங்கு இருக்கிறது. அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு அது மட்டும் முட்டி மேலே வரும்.

அளவு இப்படி என்றால், மண்ணின் வகை இன்னும் பெரிய பிரச்சினை. உப்புவெளியில் ஒரு வீட்டில் புல் ஏன் காய்கிறது என்று பார்க்க, கத்தியால் ஒரு சாண் ஆழத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்தோம். மேலே இரண்டு அங்குலம் செம்மண், கீழே சுத்தமான வெள்ளை மணல். இரண்டும் சந்திக்கும் இடம் கோடு கிழித்த மாதிரி இருந்தது. காலையில் தண்ணீர் விட்டிருந்தார்கள். செம்மண் விரலில் சேறாக ஒட்டியது, அதற்குக் கீழே இருந்த மணலோ கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. வேர்கள் அந்தக் கோடு வரை வந்து, கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பிப் பாய் போலப் பின்னியிருந்தன. நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெருமணல் இருந்தால், மேலே உள்ளது நிரம்பி வழியும் வரை தண்ணீர் கீழே இறங்காது. வேரும் ஈரம் இருக்கும் மேல் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடும். மாரியில் அந்த இடம் சதசதவென்று கிடக்கும், கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இரண்டே நாளில் பொரிந்துபோகும்.

ஆகவே கீழே என்ன மண் இருக்கிறதோ, மேலேயும் அதே வகைதான். அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று கரையோரம் முழுக்க மணல். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போனால் களி கலந்த மண். பல வளவுகளில் வீடு கட்டும்போது உயர்த்திய கிறவல் வேறு இருக்கும், அதனால் ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெட்டிப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும், களி அடுத்த நாள்வரை தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். வாங்கப்போகும் மண்ணையும் இன்னொரு போத்தலில் இப்படியே செய்து பக்கத்தில் வையுங்கள். இரண்டு போத்தலிலும் படைகள் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்தால் வாங்கலாம்.

கரையோர வீடுகளுக்கு நான் கலப்பது, வளவிலேயே எடுத்த மணல் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு. களி நிலத்துக்கு அதே வளவு மண்ணும் கூட்டெருவும் சரி பாதி. களியை இளக்க மணல் போடலாமே என்று கேட்பார்கள். கொஞ்சம் மணலைக் களியோடு சேர்த்தால் காய்ந்ததும் சீமெந்து மாதிரி இறுகும், பயன் தெரியுமளவுக்குச் சேர்க்க வேண்டுமென்றால் மிகப் பெரிய அளவு வேண்டும். அந்தச் செலவுக்குக் கூட்டெரு வாங்குவது எவ்வளவோ மேல்.

கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று யாரும் கை வைக்க வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது, அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. ஆற்று மணல் வாங்கினால், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மகாவலிக் கரை ஏற்கெனவே போதுமான அளவு இழந்துவிட்டது.

பச்சை மாட்டெரு வேண்டவே வேண்டாம். அது புல்லைச் சுடும், வண்டுப் புழுக்களும் கூடவே வரும், களை விதைக்கோ கணக்கே இல்லை. வயல் மண்ணில் கோரைக் கிழங்கு வரும். தொட்டாற்சுருங்கி விதையும் அப்படித்தான். இவற்றையெல்லாம் விட நான் பயப்படுவது பார்த்தீனியத்துக்கு. மண்ணோடும் எருவோடும் ஊர் விட்டு ஊர் போகும் செடி அது, தோலில் ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் தரும். மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, முடிந்தால் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு கால் அங்குலக் கண்ணுள்ள வலையில் அரித்தால் கிழங்கும் கல்லும் கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் நின்றுவிடும், விதை நிற்காது. அரித்த மண்ணை நனைத்து இரண்டு வாரம் குவித்து வைத்து, முளைப்பதைப் பிடுங்கிவிட்டுப் பயன்படுத்துவது என் வழக்கம்.

காலம் என்று பார்த்தால் தை நடுவிலிருந்து மாசி வரை நமக்குத் தோதானது. பெருமழை குறைந்திருக்கும், நிலத்தில் ஈரம் இருக்கும், புல்லும் வளர்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தூவினால் ஒரே மழையில் எல்லாம் வடிகானுக்குப் போகும். வைகாசி தொடங்கி ஆவணி வரை, கச்சான் காற்றில் புல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலத்தில், தொடவே கூடாது. திருகோணமலைக் கோட்டைக்குள் மான் மேயும் புல்லைப் பாருங்கள். ஆடியில் வைக்கோல் நிறத்தில் கிடக்கும், மழை கண்டதும் தானே பச்சை பிடிக்கும். உங்கள் வீட்டுப் புல்லும் அப்படி உறங்கிக் கிடக்கலாம். அடித்தண்டைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அது சாகவில்லை.

சரி, வேலையைச் செய்யும் முறை. முதல் நாள் புல்லைத் தாழ வெட்டி, வெட்டியதை வாரி எடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது முள் மண்வெட்டியை நான்கு அங்குலம் இறக்கி, ஒரு சாணுக்குள் ஒரு குத்து வீதம் குத்தி, இலேசாக அசைத்து எடுங்கள். வாகனம் நிறுத்திய இடத்தில் முள் இறங்காது, அங்கே அலவாங்குதான். அடுத்த நாள் பனி காய்ந்த பிறகு, உலர்ந்த கலவையைத் தாச்சியில் எடுத்து, மண்வெட்டியால் வீசித் தூவுங்கள். ஓர் இடத்தில் கொட்டி இழுத்துப் பரப்பினால் தடிப்பு ஒரே மாதிரி வராது. பிறகு தும்புத்தடியால் எல்லாப் பக்கமும் மாறி மாறித் தள்ளினால் மண் புல்லுக்கு இடையில் இறங்கிவிடும், குத்திய துளைகளுக்குள்ளும் போகும். நிமிர்ந்து பார்க்கும்போது இலை நுனிகள் எங்கும் பச்சையாகத் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் மண் அதிகம், வாரி எடுங்கள். கடைசியாகப் பூவாளித் தண்ணீர். ஹோஸ் பைப்பை நேரே பிடித்தால் மண் ஓரிடத்தில் ஒதுங்கிவிடும். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் இந்த முதல் இரண்டு வாரத்துக்காவது குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், புது வேருக்கு உப்பு ஆகாது.

ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமான பள்ளத்தை இப்படி நிரவ முடியாது. அந்த இடத்துப் புல்லை வேரோடு பாளமாகக் கிளப்பி, கீழே மண் நிரப்பி, மிதித்து, பாளத்தைத் திரும்ப வையுங்கள். மாமர நிழலில் புல் மெலிந்திருந்தால் மண் போட்டுப் பயனில்லை, கிளையைக் கழியுங்கள்.

வேலை செய்பவரின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈர மண்ணிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இலங்கை மண்ணில் வாழ்வது, நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மிகவும் ஆபத்து. காலிலோ கையிலோ காயம் இருந்தால் கட்டி மூடிக்கொண்டு, பூட்ஸும் கையுறையும் போட்டே இறங்குங்கள். கூலிக்கு ஆள் பிடித்தால் அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், மண்ணில் வேலை செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே ஒரு லோட் மண்ணைப் பரப்பிவிட்டீர்கள் என்றால், ஒரு வாரம் கடக்கவில்லையானால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் விடாமல் காய விட்டு, குப்பைவாரியின் முதுகுப்பக்கத்தால் இழுத்து, இலை நுனி தெரியும் வரை மண்ணை எடுத்து வேலியோரம் குவித்து வையுங்கள், அடுத்த தைக்கு உதவும். இரண்டு மூன்று வாரம் கடந்திருந்தால் நாலைந்து இடத்தில் கையளவு தோண்டி அடித்தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பச்சை இருந்தால் அதே மாதிரி எடுத்துவிட்டு, முள்ளால் குத்தி, தண்ணீர் விட்டு, புல் தளிர்த்த பிறகு சதுர மீற்றருக்கு 10 கிராம் யூரியாவைத் தூவி உடனே நனையுங்கள். தண்டு கறுத்துப் போயிருந்தால், அந்தத் திட்டை மட்டும் கொத்தி, போட்ட மண்ணை நீக்கிவிட்டு, ஓரத்து நல்ல புல்லிலிருந்து தண்டு எடுத்து நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்கள்.