நீலத்தொப்பிப் படைக்கு யார் தலைவர்?

தொலைக்காட்சியில் லெபனான் செய்தி ஓடினால் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நம்ம நாட்டு ஆர்மி அங்கதானே இருக்கு? சண்டைய நிறுத்த வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. 2007 முதல் மலேசிய வீரர்கள் தெற்கு லெபனானில், நீலத்தொப்பி அணியும் ஐ.நா. அமைதிப்படையான யூனிஃபிலில் இருக்கிறார்கள்.

ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. வேலை என்ன என்பதைப் பாதுகாப்பு மன்றம் தீர்மானமாக எழுதும். தலைவரைப் பொதுச்செயலாளர் நியமிப்பார். வீரர்களைக் கொடுப்பவை உறுப்பு நாடுகள். பெரிய அமைதிப்பணிகள் பலவற்றில் சிவிலியன் ஒருவர் தலைவர், படைத்தளபதி அவருக்குக் கீழே. யூனிஃபிலில் இரண்டு பொறுப்பும் ஒரே ஜெனரலிடம். 2025 முதல் இத்தாலியின் தியோதாத்தோ அபாஞாரா.

ஆனாலும் அவருடைய அதிகாரம் பாதிதான். தோட்டத்துக்குக் கொன்ட்ராக்டர் கொண்டுவரும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள்: இன்று எங்கே குலை வெட்டுவது என்று மேனேஜர் சொல்லலாம், சம்பளமும் தண்டனையும் கொன்ட்ராக்டர் கையில். அப்படித்தான், மலேசிய வீரர் எங்கே ரோந்து போவது என்பது தளபதியின் முடிவு; தவறு செய்தால் விசாரிப்பது மலேசியா.

1978இல் வந்த 425ஆம் தீர்மானம் கொடுத்த வேலை மூன்று: லெபனானிலிருந்து இஸ்ரேல் படை விலகியதை உறுதிசெய்வது, அமைதியை மீட்பது, லெபனான் அரசு தெற்கில் தன் அதிகாரத்தை நிலைநாட்ட உதவுவது. 2006இல் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஆயுதக்குழுவான ஹிஸ்புல்லாவுக்கும் நடந்த போருக்குப் பிறகு 1701ஆம் தீர்மானம் சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கும் பொறுப்பையும் சேர்த்தது. சண்டை போடுகிறவர்களை அடித்து அடக்கு என்று எதிலும் இல்லை. ஹிஸ்புல்லாவின் ஆயுதத்தைக் களைவதுகூட லெபனான் அரசின் பொறுப்பு, அமைதிப்படை துணைதான்.

அப்படியானால் தளபதியின் பலம் எங்கே? தெற்கு லெபனானின் நக்கூராவில் நடந்த முத்தரப்புக் கூட்டங்களில் அதைப் பார்க்கலாம். லெபனான் அதிகாரிகளும் இஸ்ரேல் அதிகாரிகளும் ஒரே அறையில் உட்காருவார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசமாட்டார்கள். சொல்வதையெல்லாம் நடுவில் இருக்கும் தளபதியிடம் சொல்வார்கள். இஸ்ரேல் படை விலகியதைச் சரிபார்க்க 2000இல் ஐ.நா. வரைந்த சுமார் 120 கிலோமீட்டர் எல்லைக்கோடான நீலக்கோட்டில், அடையாளமாக ஒரு நீலப் பீப்பாயை நடவேண்டும் என்றாலும் அந்த இடத்துக்கு இரு தரப்பும் தலையாட்ட வேண்டும். பொறுமை தின்னும் வேலை. என் பார்வையில் அந்தப் படை செய்த மிகப் பயனுள்ள காரியம் இதுதான், துப்பாக்கி ஏந்தி நின்றது அல்ல.

தீர்மானம் முடிந்தால் தளபதியின் அதிகாரமும் முடியும். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்றம் கடைசி முறையாக 2026 டிசம்பர் 31 வரை காலத்தை நீட்டித்தது. அதன்பின் ஓராண்டுக்குள் படை விலக வேண்டும்.