அறுவை மேசையில் கதிர்வீச்சு: கல்லீரல் எவ்வளவு தாங்கும்?

கல்லீரல் முழுவதுக்கும் கதிர்வீச்சு கொடுத்தால், தினம் 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வீதம் சேர்ந்து 30 கிரேயைத் தாண்டும்போதே ஆபத்து தொடங்கிவிடும். பெரும்பாலான புற்றுக் கட்டிகளை அழிக்க அந்த அளவு போதாது. ஆனால் அதே கல்லீரலின் ஒரு சிறு மூலையில் மட்டும் அதைவிடக் கடுமையாகக் கதிர் பாய்ந்தாலும் நோயாளி பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார். அறுவை சிகிச்சையின்போதே கதிர்வீச்சு தரும் முறை இதை நம்பித்தான் நிற்கிறது.

கல்லீரலில் நுண்மடல்கள் எனப்படும் மிகச் சிறிய செயல் அலகுகள் பல லட்சம் உண்டு. ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கதிர்வீச்சால் அதிகம் அடிபடுவது நுண்மடலின் நடுவே ஓடும் சிறு சிரையின் உட்சுவர். அங்கே நார்ப்புரதம் படிந்து அடைத்துக்கொள்ள, ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அடைபட்டவை கொஞ்சம் என்றால் சரி, மற்றவை சமாளித்துவிடும். கல்லீரல் முழுக்க இப்படி ஆனால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அது வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அதை நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனால், எத்தனை கிரே என்பதைவிட எவ்வளவு கல்லீரல் தப்பும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அறுவை மேசையில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது. வயிறு திறந்திருப்பதால் குடலையும் இரைப்பையையும் ஒதுக்கி வைக்கலாம். கட்டி இருந்த இடத்தின் மேல் ஒரு குழலை வைத்து, எலக்ட்ரான் கற்றையை அதன் வழியே செலுத்துகிறார்கள். வழக்கமாக 10 முதல் 20 கிரே, ஒரே தவணையில். எலக்ட்ரான்கள் ஆழமாகப் போவதில்லை: 9 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள கற்றை சுமார் 3 செ.மீ. வரை வலுவாக இருக்கும், 5 செ.மீ.க்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அடியில் இருக்கும் கல்லீரல் பிழைக்கிறது.

ஆனால் ஒரே தவணை என்பது லேசான விஷயம் இல்லை. தவணைகளுக்கு நடுவே செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும் நேரம் இங்கே கிடையாது. வழக்கமான கணக்குப்படி, ஒரே முறையில் தரும் 15 கிரே, ஆரோக்கியமான திசுவுக்கு 2 கிரே தவணைகளில் தரும் 54 கிரே அளவுக்குச் சமம்.

எனக்கு அதிகக் கவலை தருவது பித்தநாளம். நுண்மடல்களுக்கு இருப்பது போல அதற்கு மாற்று ஏதும் இல்லை. ஓரிடத்தில் சுருங்கினாலும் பின்னால் பித்தம் தேங்கி, கதிர் படாத கல்லீரலும் கெடும். நாய்களில் செய்த ஆய்வுகளில் 20 கிரே அளவிலேயே நாளம் தழும்பேறிச் சுருங்கியது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெடும் நோய்) உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஈடுகட்டுவதற்கான நல்ல நுண்மடல்களே அவர்களிடம் குறைவு. பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கோ மிச்சக் கல்லீரல் வளர்ந்தாக வேண்டும், அந்த வளர்ச்சியைக் கதிர்வீச்சு தடுக்கும். இவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், அல்லது கொடுக்காமலே விடுவார்கள்.