பர்பன் என்பது சோளச் சாராயம் அல்ல

போன வாரம் ஓர் அமெரிக்கத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுக்கடையில் வந்து உட்கார்ந்தவர் "பர்பன்" என்று கேட்கிறார். அது ஓர் அமெரிக்க விஸ்கி. கீழே தமிழ் வரியில் "சோளச் சாராயம் கொடு" என்று ஓடுகிறது. இதே சொல்லை ஒரு நாவலின் தமிழாக்கத்திலும் ஒரு வார இதழ்க் கட்டுரையிலும் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருந்தால் அகராதியிலும் ஏறிவிடும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடு பிரான்சில் பூர்போன் லார்ஷம்போ என்று வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஓர் ஊர். ஊற்றுகளுக்குரிய போர்வோ என்ற பழைய தெய்வத்தின் பெயரிலிருந்து அந்த ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள். ஊர்ப்பெயர் பிரெஞ்சு அரச வம்சத்தின் பெயரானது. ஆங்கில உச்சரிப்பில் அதுதான் பர்பன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சு மன்னர் செய்த உதவியை நினைத்து, 1785இல் இன்றைய கென்டக்கி மாநிலத்தில் ஒரு மாவட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அந்தப் பக்கத்து விஸ்கிக்கும் அது ஒட்டிக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸின் பர்பன் தெருவிலிருந்துதான் வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் மூலம் அந்த வம்சமே. நம் ஊர் பர்பன் பிஸ்கட்டுக்கும், தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன ரீயூனியன் தீவின் பழைய பெயருக்கும் அதுவே மூலம். ஆக, இது ஒரு பெயர். தானியமும் மதுவும் அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை.

இப்போது சோளத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் சோளம் என்றால் சோளச்சோறு ஆக்குகிற உருண்டை மணி. பர்பனில் சேர்வது மக்காச்சோளம். இலங்கையில் சோளன் என்றாலே மக்காச்சோளம் என்பதால் அங்கே குழப்பம் குறைவு. இங்கே "சோளச் சாராயம்" என்று எழுதினால், சீனர்கள் சோளத்திலிருந்து வடிக்கும் பைஜியுவுக்குத்தான் அது பொருந்தும்.

அப்படியானால் "மக்காச்சோள விஸ்கி" என்று திருத்திக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் ஆகாது, ஏனென்றால் அந்தப் பெயரில் வேறொரு மது இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி மக்காச்சோள விஸ்கியில் குறைந்தது 80 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும். அதைப் பீப்பாயில் வைக்காமலே விற்கலாம், வைத்தால் பழைய பீப்பாயோ உள்ளே கருக்காத பீப்பாயோதான். பர்பனுக்கு 51 சதவீதம் மக்காச்சோளம் போதும். ஆனால் உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய் கட்டாயம். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைத்தால், இரண்டும் ஒரே காட்சியில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்?

அந்தப் பீப்பாய்தான் பர்பனின் உயிர். வடித்து இறக்கும்போது அது தண்ணீர் போல நிறமற்றது. பீப்பாய்க்குள் போகும்போது சாராயச் சத்து 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெருப்பில் கருகிய மரம் வனிலா வாசத்தையும் சர்க்கரைப்பாகு முறுகும் மணத்தையும் செம்பழுப்பு நிறத்தையும் கொடுக்கிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் லேசாகத் தேங்காய் வாசமும் உண்டு. மெதுவாக முகர்ந்தால் நமக்குச் சட்டென்று பிடிபடும். கூடச் சேர்க்கும் தானியம் ரை என்றால் நாக்கில் மிளகின் விறுவிறுப்பு, கோதுமை என்றால் மென்மை. ஒரு முறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற்ற முடியாது. அவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய் ஸ்காட்ச்சைச் சுமக்கின்றன. இவ்வளவையும் விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் பிடித்துப் பெயர் வைப்பது, காஞ்சிப் பட்டைப் "புழுநூல் துணி" என்று எழுதுவது போன்றது.

சாராயம் என்ற சொல்லை நான் இழிவாக நினைக்கவில்லை. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து மரத்தொட்டிகளில் முதிரவைத்து, முறையாக விற்பதன் பெயரும் சாராயம்தான். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் காதில் அந்தச் சொல் கள்ளச்சாராயமாகவே விழுகிறது. கோட் சூட் போட்ட வழக்கறிஞர் மாலையில் அதைக் கேட்பதாக எழுதினால், அவர் குணமே மாறிவிடுகிறது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. பெயரை வலிந்து தமிழாக்குகிறவர்கள், தமிழில் நல்ல சொல் இருக்கிற இடத்தில் "மேஷ்", "டிஸ்டில்" என்று எழுதுகிறார்கள். தானியத்தைக் கரைத்து நொதிக்கவிடுவதற்கு நம் ஊரில் ஊறல் என்ற சொல் இருக்கிறது. காவல்துறைச் செய்திகளில் அடிக்கடி வருகிறதே! வடித்தல், வடிசாலை, வடிக்கும் கலத்துக்கு வாலை எல்லாம் நம் சொற்கள். பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போவதை அங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதும்போது நகைக்கடைச் சேதாரம் அப்படியே பொருந்தும். முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளிப்பு நீரைப் புதிய ஊறலில் சேர்க்கும் "சவர் மேஷ்" முறையை "கெட்டுப்போன கூழ்" என்று ஒருவர் எழுதியிருந்தார். உறைமோர் என்றாலும் சரியில்லை, வாலையில் கொதித்து வந்த நீரில் உயிருள்ள நுண்ணுயிர் இருக்காது. பாக்டீரியா பெருகாமல் தடுக்கத்தான் அந்தப் புளிப்பு. "புளிப்பூறல்" என்றால் போதும். இன்னொருவர் "100 ஆதாரம் கொண்ட விஸ்கி" என்று எழுதினார். அமெரிக்காவில் 100 ப்ரூஃப் என்பது 50 சதவீதச் சத்து. 50 சதவீதம் என்றே எழுதிவிட்டால் யாருக்கும் புரியும்.

மதுக் கலவைகளின் பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஓல்டு ஃபேஷன்ட் என்பது பர்பனில் சர்க்கரை, சில சொட்டுக் கசப்புச் சாறு, பனிக்கட்டி சேர்த்தது. "பழைய பாணி" என்று எழுதினால் குடிப்பவர் பாணியைச் சொல்வதாக ஆகிவிடும். கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் குடிக்கும், பர்பனில் புதினா சேர்த்த மின்ட் ஜூலெப்பை "புதினாச் சாறு" ஆக்கியதையும் பார்த்தேன். ஜூலெப் என்பது பன்னீரைக் குறிக்கும் பாரசீகக் குலாப் அரபி வழியாகத் திரிந்தது. நம் குலாப் ஜாமூனில் இருப்பதும் அதே குலாப். ஜாமூனை அப்படியே விட்டுவைத்த நாம் ஜூலெப்பையும் விட்டுவைக்கலாம்.

அந்தத் தொடரில் அந்த ஆள் கேட்ட இடத்தில் "ஒரு பர்பன்" என்று இருந்தாலே சரியாக இருந்திருக்கும். புத்தகமாக இருந்தால் முதல் முறை "பர்பன் விஸ்கி" என்று எழுதலாம். அடிக்குறிப்பு தேவைப்பட்டால் "கருக்கிய புதுப் பீப்பாயில் முதிர்ந்த அமெரிக்க விஸ்கி, பெரும்பங்கு மக்காச்சோளம்" என்று ஒரு வரி.